பிள்ளை கவுன்சிலின் பொறுப்பில் இருக்கும்போது குடும்பங்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் ஒரு பிள்ளையைக் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், பொறுப்பெடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "யார் போட்டுக்கொடுத்தது?" என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டு எந்தப் பயனும் இல்லை. பிள்ளை எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெற்றோரின் உரிமை, வைத்துப் பார்க்கும் உறவினருக்குக் கிடைக்கும் பணம், பிள்ளைக்கு 18 வயதான பிறகு வரும் உதவி எல்லாம் அதை வைத்துத்தான் தீர்மானமாகும். (இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் இரண்டு வழிகள் முக்கியமானவை. 20ஆம் பிரிவு என்பது பெற்றோரின் சம்மதத்தோடு நடக்கும் ஏற்பாடு. 31ஆம் பிரிவு என்றால் பிள்ளையைக் கவுன்சிலின் பொறுப்பில் விடச் சொல்லி கோர்ட் கொடுக்கும் கேர் ஆர்டர். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

20ஆம் பிரிவுத் தாளைப் பள்ளிக்கூடப் படிவம் போல நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. போட்ட பிறகு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. சட்டப்படி, பெற்றோர் பொறுப்பு (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும்) உள்ளவர் பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஹாக்னி கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியது. ஆனால் வீட்டில் ஆபத்து என்று கவுன்சில் கருதினால் உடனே கோர்ட்டுக்குப் போகும். அதனால் கையெழுத்துப் போடும் முன்பும் சரி, திரும்பக் கேட்கும் முன்பும் சரி, வழக்கறிஞரைப் பாருங்கள். ஆங்கிலம் போதவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மூத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

"சொந்த வீடு இருக்கிறது, எங்களுக்கு இலவச வழக்கறிஞர் தர மாட்டார்கள்" என்பது தவறான நம்பிக்கை. கேர் ஆர்டர் வழக்கில் பெற்றோருக்கு வருமானமும் சொத்தும் பார்க்காமல் சட்ட உதவி கிடைக்கும். வழக்குப் போடப்போகிறோம் என்று கவுன்சில் முறைப்படி அனுப்பும் கடிதம் கைக்கு வரும்போதே அதைப் பெறலாம். அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் ஒளித்து வைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை.

கேர் ஆர்டர் வந்துவிட்டாலும் பெற்றோர் பெற்றோர்தான். பொறுப்பு கவுன்சிலுக்கும் போகிறது, உங்களிடமிருந்து பறிபோவதில்லை. எந்த அளவுக்கு நீங்கள் அதைப் பயன்படுத்தலாம் என்பதைக் கவுன்சில் மட்டுப்படுத்தலாம். நியாயமான அளவு பிள்ளையைப் பார்க்க விடுவதும் அதன் கடமை. கோபத்தில் சந்திப்புகளுக்குப் போகாமல் விட்டால், அது அப்படியே பதிவாகும்.

அடுத்தது உறவினர்கள். இரவு பத்து மணிக்கு சோஷியல் ஒர்க்கர் அழைத்து, "உங்கள் தங்கை பிள்ளையை இன்றைக்கு வைத்துக்கொள்ள முடியுமா?" என்றால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டாம். ஆனால் மறுநாள் காலையில் எழுத்தில் கேளுங்கள்: பிள்ளையை இங்கே வைத்தது கவுன்சிலா, இல்லை இது குடும்பத்தின் சொந்த ஏற்பாடா? குடும்ப ஏற்பாடு என்றால் கவுன்சில் உதவித்தொகை தரக் கட்டுப்பட்டதல்ல. கவுன்சில் வைத்தது என்றால் உங்களுக்குத் தற்காலிக அனுமதி தந்து, பிறகு ஃபாஸ்டர் பராமரிப்பாளராக (கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவராக) மதிப்பிட்டு, அதற்கான பணமும் தர வேண்டும். லண்டனின் சதக் (Southwark) கவுன்சில் 'குடும்ப ஏற்பாடு' என்று சொல்லித் தப்பப் பார்த்த 2007ஆம் ஆண்டு வழக்கில், ஏற்பாட்டில் கவுன்சில் பெரிய பங்கு வகித்திருந்தால் பொறுப்பும் அதனுடையதுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவினர் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்பது 2001இல் மான்செஸ்டர் வழக்கிலேயே முடிந்துபோன விஷயம்.

"சொந்தப் பிள்ளைக்குக் காசு வாங்குவதா?" என்ற கூச்சம் எனக்கும் புரிகிறது. ஆனால் நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் பணத்தை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் உரிமைகளையும்தான். கவுன்சிலின் பொறுப்பில் இருந்து, பிறகு சிறப்புப் பாதுகாவலர் உத்தரவில் (18 வயதுவரை பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை உறவினர் போன்ற ஒருவருக்குக் கோர்ட் கொடுப்பது) உங்களிடம் வரும் பிள்ளைக்குப் பள்ளி சேர்க்கையில் முன்னுரிமை உண்டு, பள்ளிக்குக் கூடுதல் நிதியும் போகும். குடும்ப ஏற்பாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது இல்லை. அந்த உத்தரவுக்குச் சம்மதிக்கும் முன் கவுன்சில் தரும் உதவிகளைத் திட்டமாக எழுதி வாங்கிவிடுங்கள்.

உறவினர் முன்வருவதாக இருந்தால் சீக்கிரம் வர வேண்டும். கேர் ஆர்டர் வழக்கை 26 வாரத்துக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. இருபதாவது வாரத்தில் கனடாவிலிருந்து பெரியம்மா வருகிறார் என்றால் மதிப்பீடு செய்ய நேரமிருக்காது.

இன்னொன்று, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ விட்டால் கவுன்சிலுக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கு அவர் சித்தப்பா. சட்டத்தின் பார்வையில் நெருங்கிய உறவு இல்லை.

பிள்ளையின் மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களாகத் தெரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஆசியக் குடும்பம் என்பதற்காக உருது பேசும் வீட்டில் வைத்தால் தமிழ்ப் பிள்ளைக்கு மொழி கிடைத்துவிடாது. என்ன சாப்பிடும், எந்தக் கோயில் அல்லது சர்ச், எந்தத் தமிழ்ப் பள்ளி என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். பிள்ளை எப்படி இருக்கிறது, அடுத்து என்ன என்று பார்க்கும் முதல் மீளாய்வுக் கூட்டம் 20 வேலை நாட்களுக்குள் நடக்கும், அடுத்தது மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத்தை நடத்தும் அலுவலர் சம்பளம் வாங்குவது கவுன்சிலிடம்தான் என்றாலும், கவுன்சிலைக் கேள்வி கேட்பதே அவர் வேலை. குடியுரிமையையும் அங்கேயே எழுப்புங்கள். கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பிள்ளை பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதிவு செய்ய 2022 ஜூனிலிருந்து கட்டணம் இல்லை. 18 தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரையும் கோர்ட் தாள்களையும் போட்டு நியாயம் கேட்காதீர்கள், அது நீதிமன்ற அவமதிப்பாகலாம். கேர் ஆர்டர் உள்ள பிள்ளையை உரிய அனுமதி இல்லாமல் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கூட்டிப்போவது குற்றம்.

கடைசியாக வயதுக் கணக்கு. 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரமாவது, 16ஐத் தாண்டியும் கவுன்சிலின் பொறுப்பில் இருந்த பிள்ளைக்கு 25 வயதுவரை ஆலோசகர், தனிக்குடித்தனம் தொடங்க 3,000 பவுண்ட், பல்கலைக்கழகம் போனால் 2,000 பவுண்ட் என்று பல உதவிகள் உண்டு. ஃபாஸ்டர் வீட்டில் இருப்பவர், இரு தரப்புக்கும் விருப்பம் என்றால் 21 வயதுவரை அங்கேயே தங்கலாம். பதினாறாவது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு "வீட்டுக்குத் திரும்பட்டும்" என்ற பேச்சு வந்தால், திரும்புவதே நல்ல முடிவாக இருக்கலாம். அப்போதும் தேதியைக் குறிக்கும் முன் இந்த வாரங்களை எண்ணிப் பார்த்து, வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.