கோலாரிஷ் ஒயின்: வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பக்கத்து ஊரான சிந்த்ராவின் அரண்மனைகளோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டரில், அட்லாண்டிக் கரையை ஒட்டி, கோலாரிஷ் இருக்கிறது. இங்கே திராட்சைக் கொடி மணலில் வளர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை அழித்த ஃபைலோக்செரா பூச்சியால் மணலுக்குள் வாழ முடியவில்லை. அதனால் இன்றும் ஒட்டுக் கட்டாத சொந்த வேரில்தான் கொடி நிற்கிறது. நிற்கிறது என்பதைவிடப் படுத்திருக்கிறது எனலாம். கடற்காற்றுக்கு நாணல் தட்டிதான் காவல்.

சிவப்பு ஒயின் என்றால் லேபிளில் 'கோலாரிஷ்', 'ரமிஷ்கோ' (இந்த ஊர்ச் சிவப்பு ஒயினின் திராட்சை) இரண்டும் இருக்கிறதா பாருங்கள். 'ஷாவ் ரிஜு' என்றிருந்தால் அது பக்கத்துக் கெட்டி நிலத்து ஒயின். விலை குறைவு, ருசியும் வேறு. மணல் ஒயின் பெரும்பாலும் 500 மில்லி பாட்டிலில் வரும், விலையை ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

பலர் ஏமாறுவது சிவப்பில்தான். இளசான ரமிஷ்கோ வாழைப்பூத் துவர்ப்பாய் நாக்கைப் பிடிக்கும், புளிப்பும் அதிகம். எட்டுப் பத்து வருடம் ஆனதைக் கேளுங்கள். திறந்ததும் ஊற்றாமல் வாயகன்ற குடுவையில் ஒரு மணி நேரம் விட்டு, 16 டிகிரியில், கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோடு குடியுங்கள். மீனுக்கு மல்வசியா திராட்சையின் வெள்ளை ஒயின்தான் சரி. அதில் லேசாக உப்புக் கரிக்கும், 10–12 டிகிரி போதும். அதற்கும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.

கோலாரிஷில் 1931-இல் தொடங்கிய கூட்டுறவு ஒயின் ஆலைக்கு நேரம் கேட்டுவிட்டே போங்கள்.