நோட்புக்கா, டேஷ்போர்டா? டர்பன் மளிகைக் கணக்கு சொல்லித் தந்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் கணக்கு விவரம் தொகுத்துக் கொடுக்கும் மளிகை மொத்தக் கடையில், ஒரு திங்கட்கிழமை காலை ஒரே மாதத்துக்கு இரண்டு விற்பனைத் தொகைகள் மேசைக்கு வந்தன. ஒன்று என் ஜூபிட்டர் நோட்புக்கில் (செல் என்ற கட்டங்களில் பைத்தான் நிரலை எழுதி, விடையை அங்கேயே பார்க்கும் கோப்பு) வந்தது, மற்றது பவர் பிஐ டேஷ்போர்டில் (வணிக எண்களைப் படங்களாகக் காட்டும் பிஐ மென்பொருளின் திரை) வந்தது. கணக்குப் பிரிவு அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "தம்பி, இதுல எது நம்ம கடை?" என்று கேட்டார்.

டேஷ்போர்டு வாட் வரி நீங்கலாகக் காட்டியிருந்தது. நோட்புக்கில் நான் வரியைச் சேர்த்திருந்தேன், அதையும் தவறாகச் சேர்த்திருந்தேன். தென்னாப்பிரிக்காவில் வாட் 15% என்பதால் எல்லாத் தொகையையும் 1.15-ஆல் பெருக்கிவிட்டேன். ஆனால் இங்கே அரிசிக்கும் மைசூர்ப் பருப்புக்கும் காய்ந்த பீன்ஸுக்கும் வரி பூஜ்யம். மசாலாப் பொடிக்குத்தான் 15%. மூட்டை மூட்டையாக அரிசி போகிற கடையில் இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நோட்புக் நல்லதா, பிஐ மென்பொருள் நல்லதா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்கப்போகிறீர்களா, வாராவாரம் கேட்கப்போகிறீர்களா? அதற்குப் பதில் சொல்லாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதுவது

இதைத்தான் மிக மோசமான தவறு என்பேன். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இது கூடவே வரும். 'விற்பனை' என்றால் என்ன என்பதை நோட்புக்கில் பைத்தானில் ஒரு தடவையும், டேஷ்போர்டில் பவர் பிஐயின் டாக்ஸ் மொழிச் சூத்திரமாக இன்னொரு தடவையும் எழுதி வைத்தால், அவை என்றாவது ஒரு நாள் பிரியும். திரும்பி வந்த சரக்கைக் கழித்ததா, தள்ளுபடிக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொன்றிலும் பிரியும்.

2025 மார்ச் பட்ஜெட்டில், மே 1 முதல் வாட் 15.5% ஆகும் என்று அறிவித்தார்கள். ஏப்ரல் கடைசியில் அதைக் கைவிட்டார்கள். இடைப்பட்ட ஆறு வாரமும் 0.15 என்ற எண் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே எனக்கு வேலை. ஒவ்வொரு நோட்புக்கிலும் கையால் எழுதப்பட்டுக் கிடந்தது. உயர்வு வந்திருந்தால் பழைய மாதங்களின் கணக்கும் புது விகிதத்தில் மாறிப்போயிருக்கும்.

இப்போது தரவுத்தளத்திலேயே ஓர் அட்டவணை இருக்கிறது: பொருள், வரி விகிதம், எந்தத் தேதியிலிருந்து. நோட்புக்கும் டேஷ்போர்டும் அதைத்தான் படிக்கின்றன. இதைச் செய்து முடிக்க ஒரு நாள் கூட ஆகவில்லை. கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

வாராந்திரக் கேள்வியை நோட்புக்கில் வைத்திருப்பது

எந்தச் சரக்கு தீரப்போகிறது என்பது வாராவாரம் எழும் கேள்வி. அதை நோட்புக்கில் வைத்திருந்தவரை, நான் ஓட்டினால்தான் பதில் வரும். நான் விடுப்பில் போனால் அக்கா பழைய தாளை வைத்தே கொள்முதல் போடுவார்.

2023-இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்னொன்றும் புரிந்தது. நோட்புக்கில் கணக்கிட்ட மாறிகளெல்லாம் கர்னலின், அதாவது பின்னால் நிரலை ஓட்டும் பகுதியின், நினைவகத்தில் இருப்பவை. மின்சாரம் போனதும் அவை போய்விடும். ஆனால் திரையில் பழைய விடைகள் அப்படியே நிற்கும், ஏனென்றால் விடைகள் கோப்பில் சேமிக்கப்பட்டவை. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அவசரத்தில் கீழிருந்து இரண்டு செல், மேலிருந்து ஒன்று என்று ஓட்டினால் புதுசும் பழசும் கலந்த எண் வரும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த 8,63,878 நோட்புக்குகளை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பிழையில்லாமல் ஓடியவை 24.11%, பழைய விடையையே தந்தவை 4.03% மட்டும். நோட்புக் தந்த எண்ணை யாருக்கும் சொல்வதற்கு முன் கர்னலை அணைத்துத் தொடங்கி, எல்லா செல்களையும் மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிடுங்கள்.

புதுக் கேள்வியை டேஷ்போர்டில் திணிப்பது

நேர்மாறான தவறு இது. காவடிக்கு முன்னால் கற்பூரமும் சாம்பிராணியும் எந்தக் கிளையில் முதலில் தீர்கின்றன என்று முதலாளி அண்ணன் கேட்டார். டேஷ்போர்டில் சென்ற ஆண்டோடு ஒப்பிடும் படம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்தால் 2024 பிப்ரவரியில் வியாபாரம் படுத்துவிட்டதாகத் தெரிந்தது. உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தைப்பூசம் 2023-இல் பிப்ரவரி 5, 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. பிஐ மென்பொருளின் ஆயத்த நாட்காட்டிக்கு மாதம் தெரியும், பௌர்ணமி தெரியாது.

நோட்புக்கில் தேதியை எடுத்துவிட்டு 'பூசத்துக்கு இன்னும் எத்தனை நாள்' என்று வைத்து மூன்று ஆண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது கோடுகள் பொருந்தின. தடவித் தடவித் தேடுகிற இந்த மாதிரி வேலைக்கு நோட்புக்தான். விடை கிடைத்தபின் 'பூசத்துக்கு நாள்' என்ற நெடுவரிசையை நாட்காட்டி அட்டவணையில் சேர்த்துவிட்டோம். இப்போது அண்ணனே டேஷ்போர்டைத் திறந்து பார்த்துக்கொள்கிறார்.

இன்னும் சில

இந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி வைப்பதுதான் முறை. 12,50 ராண்ட் என்று எழுதிய கோப்பை அமெரிக்க எண் வடிவ அமைப்பில் இருக்கும் பவர் பிஐ 1250 என்று படித்துவிடும். பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பு அதை எண்ணாகவே எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இரண்டிலும் முதலிலேயே எண் வடிவ அமைப்பைச் சொல்லிவிட வேண்டும்.

பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம் என்பதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். நிறுவனத்துக்கே மொத்தமாக வாங்கும் பெரிய கொள்ளளவு உரிமம் இல்லாத சிறு நிறுவனத்தில், அறிக்கையைச் செய்பவருக்கு மட்டுமல்ல, பார்க்கிறவர் ஒவ்வொருவருக்கும் கட்டண உரிமம் தேவை. அந்தச் செலவைத் தவிர்க்கச் சிலர் 'பொது இணையத்தில் வெளியிடு' என்ற வசதியை அழுத்துகிறார்கள். அந்த இணைப்பு கிடைத்த எவரும் கடவுச்சொல் இல்லாமலே பார்க்கலாம். வாடிக்கையாளர் பெயரும் கடன் பாக்கியும் அதில் இருந்தால், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கும் பொபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

நோட்புக்கிலும் அதே ஆபத்து உண்டு. சரிபார்ப்பதற்காக முதல் ஐந்து வரிகளை அச்சிட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்து பேரின் தொலைபேசி எண்ணும் கோப்போடு போகும். மின்னஞ்சலில் அனுப்புவதற்கு முன் எல்லா வெளியீட்டையும் அழித்துவிட்டுச் சேமியுங்கள். ஜூபிட்டரில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது.