குழுவாகத் தரைவழிப் பயணம்: எங்கே போவது, எதை நம்பிப் போவது?

ஆறேழு பேர் சேர்ந்து நாடு விட்டு நாடு சாலை வழியாகப் போய்வரலாம் என்ற பேச்சு எழுந்ததும் என்ன நடக்கும்? ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மலைச்சாலைப் படத்தைப் போடுவார். மற்றவர்கள் இதயம் போடுவார்கள். இடம் முடிவாகிவிடும். பாதுகாப்பைப் பற்றிய பேச்சு மூன்று வாரம் கழித்து, யாரோ ஒருவரின் அம்மா "அங்கெல்லாம் சண்டையாமே?" என்று கேட்ட பிறகுதான் வரும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது வரிசையை மாற்றிக்கொண்டேன். "அந்த நாடு பாதுகாப்பானதா?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. "இந்தப் பாதையில், இந்த மாதத்தில், இந்த ஆட்களோடு போகலாமா?" என்று கேட்டால் கிடைக்கும். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான். சொந்த வண்டி, வாடகை வண்டி, பஸ், ரயில் எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: வரைபடத்தை மூடிவிட்டு ஆட்களைப் பாருங்கள்

எல்லோரும் தனித்தனியாக எழுதித் தரட்டும். குழுவில் பொதுவாகக் கேட்டால் பயத்தையும் பணக் கஷ்டத்தையும் யாரும் சொல்ல மாட்டார்கள். கேள்விகள் இவ்வளவுதான்: நிச்சயமாக எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும்? அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க முடியும்? தினமும் எடுக்கும் மருந்து உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார முடியும்? என்ன நடந்தால் "நான் திரும்புகிறேன்" என்பீர்கள்?

எங்கள் முதல் பயணத்தில் ஒருவர் தனக்கு ஆஸ்துமா இருப்பதை 3,000 மீட்டருக்கு மேலே ஏறிய பிறகுதான் சொன்னார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நாங்கள் கேட்டிருந்தால்தானே!

இதோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். குழுவில் நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரே டிரைவர் என்றால், எந்த நாட்டுக்குப் போனாலும் அது ஆபத்தான பயணம்தான். அப்புறம், எல்லோரிடமும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட்டா என்று பாருங்கள். இல்லையென்றால், விசா கிடைப்பது யாருக்குக் கடினமோ அவரை வைத்துத்தான் பாதையைப் போட வேண்டும்.

படி 2: நாட்களைத் தூரமாக மாற்றுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என் கணக்கில் பாதி ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. நாள் போதாமல் போகும்போதுதான் இரவில் ஓட்டுகிறோம், காய்ச்சலோடு கிளம்புகிறோம், மழை நிற்கும்வரை காத்திருக்காமல் ஆற்றில் வண்டியை இறக்குகிறோம்.

மேப் ஆப் ஐந்து மணி நேரம் என்று சொன்னால், நல்ல தார்ச்சாலையில் ஏழரை என்றும் மலையிலோ மண்சாலையிலோ பத்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குழு என்றால் அப்படித்தான். ஒருவர் பாத்ரூம் போய்த் திரும்பும்போது இன்னொருவர் கேமராவோடு காணாமல் போயிருப்பார். ஒவ்வொரு எல்லைக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். ஐந்து நாளுக்கு ஒரு நாள் வேலையே இல்லாமல் விடுங்கள்.

உதாரணமாக 16 நாள் விடுப்பு என்று வைப்போம். போகவும் வரவும் 2 நாள், சும்மா இருக்க 3 நாள், போகும்போதும் திரும்பும்போதும் ஓர் எல்லையைக் கடக்க 1 நாள். மிச்சம் 10 நாள். நல்ல சாலையில் நாளுக்கு 250 கிலோமீட்டர் என்றாலும் மொத்தம் 2,500தான். அமெரிக்கக் கண்டங்களின் நீளத்துக்கும் ஓடும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை சுமார் 30,000 கிலோமீட்டர். அதை முழுதாக ஓட்டும் கனவை அடுத்த ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்களை விடச் சின்னதாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பாதுகாப்பு ஏற்பாடு.

படி 3: இரண்டு மூன்று பாதைகளை எடுத்து, எங்கே அறுகிறது என்று பாருங்கள்

விமானத்தில் போகிறவருக்கு ஒரு நாடு திறந்திருந்தால் போதும். தரையில் போகிறவருக்கு வழியில் உள்ள ஒவ்வோர் எல்லைக் கேட்டும் திறந்திருக்க வேண்டும். 1960களிலும் 70களிலும் இஸ்தான்புல்லிலிருந்து காட்மாண்டு வரை இளைஞர்கள் பஸ்ஸிலேயே போனார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி, அதே ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அந்தப் பாதை அதோடு முடிந்தது.

இன்றைக்கும் அப்படிப்பட்ட அறுபட்ட இடங்கள் நிறைய உண்டு. மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நடுவே உள்ள தரை எல்லை 1994-லிருந்து மூடிக்கிடக்கிறது. துருக்கி தன் ஆர்மீனிய எல்லையை 1993-ல் மூடியதிலிருந்து, வண்டியோடு போகிறவர்கள் ஜார்ஜியா வழியாகச் சுற்றித்தான் போகிறார்கள். அஜர்பைஜான் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தரை எல்லையை மூடியது. விமானத்தில் வருகிறவர்களை உள்ளே விட ஆரம்பித்த பிறகும், சாலை வழியாக வருகிறவர்களுக்கு அந்தத் தடையை ஆண்டுக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே போனது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. வண்டியைக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். கெய்ரோவிலிருந்து கேப் டவுன் போகும் வழியில் இருக்கும் சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்தது. சில கேட்டுகள் திறப்பதும் உண்டு. 2021 மோதலுக்குப் பிறகு மூடப்பட்ட கிர்கிஸ்தான்–தஜிகிஸ்தான் எல்லை, 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தான பின் திறந்தது. ஆக, நான்கு ஆண்டுக்கு முந்தைய பயணக் குறிப்பை நம்பி இறங்காதீர்கள்.

சொந்த வண்டி என்றால் காகித வேலையும் பாதையைத் தீர்மானிக்கும். பல நாடுகள் வண்டிக்கே ஒரு பாஸ்போர்ட் போல 'கார்னெட்' கேட்கும். வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் வெளியே கொண்டுபோவீர்கள் என்பதற்கான பிணை அது. சீனாவுக்குள் வெளிநாட்டு வண்டி போக, முன்கூட்டியே ஒரு ஏஜென்சி வழியாக அனுமதி வாங்க வேண்டும், வழிகாட்டியும் கூடவே வருவார். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949 ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி ஒன்று என இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது: எல்லை ஒன்றோ இரண்டோ போதும். ஒன்று மூடினால் மாற்று வழி வேண்டும். பாதையின் நடுவில், விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்படி ஒரு விமான நிலையமும் இருக்க வேண்டும்.

படி 4: மாதத்தைச் சரிபாருங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, மண்சாலைகள் சேறாகிவிடும். மத்திய ஆசியாவின் பாமிர் மலைப் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் வசதி. கிடைக்கும் விடுப்புக்கு மாதம் ஒத்துவரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். பனியோடு பேரம் பேச முடியாது.

படி 5: அரசாங்க எச்சரிக்கைகளைப் படிக்கும் விதம்

அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொரு நாட்டுக்கும் 1 முதல் 4 வரை எண் தருகிறது. 1 என்றால் வழக்கமான கவனம் போதும், 4 என்றால் போகாதீர்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இப்படியே நான்கு படிநிலை வைத்திருக்கின்றன. பிரிட்டன் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டுகிறது. தரைவழிப் பயணிக்கு அந்த வரைபடம்தான் அதிகம் உதவும். ஆர்மீனியாவை ஒரே எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அஜர்பைஜான் எல்லையை ஒட்டிய சாலைகளுக்கு ஒரு கதை, தலைநகர் யெரெவானுக்கு வேறு கதை.

எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், காரணத்தைப் படியுங்கள். தலைநகரில் பிக்பாக்கெட் என்பதாலும் எண் ஏறும், எல்லையில் கண்ணிவெடி என்பதாலும் ஏறும். உங்கள் பாதையில் எது வருகிறது என்பதுதான் கேள்வி. இந்த அறிவுரைகள் அந்தந்த அரசு தன் குடிமக்களுக்காக எழுதுபவை, அரசியலும் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் குறைந்தது மூன்று நாடுகளின் பக்கங்களையும், உங்கள் சொந்த நாட்டுடையதையும் சேர்த்துப் படியுங்கள். எல்லாரும் ஒரே இடத்தைச் சுட்டினால் விவாதமே வேண்டாம், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

காப்பீட்டு விஷயமும் இதில்தான் இருக்கிறது. "போகாதீர்கள்" என்று அரசு சொன்ன பகுதிக்குப் போனால் பல பாலிசிகள் செல்லாது. பணம் கட்டுவதற்கு முன் அந்த விதியைத் தேடிப் படியுங்கள். அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கான தொகை, எத்தனை மீட்டர் உயரம் வரை பாலிசி செல்லும், பைக் ஓட்டினால் செல்லுமா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, போன மாதம் அந்த வழியில் போனவரைத் தேடிப் பிடியுங்கள். ஐஓவர்லேண்டர் போன்ற செயலிகளில் பயணிகள் எல்லைச் சாவடி, சாலை நிலை பற்றித் தேதியோடு எழுதுகிறார்கள். அந்த ஊர் டிரைவர் சொல்லும் ஒரு வரி பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம்.

படி 6: உண்மையான ஆபத்து சக்கரத்தில் இருக்கிறது

கடத்தல், குண்டு, கலவரம் என்றே மனம் போகும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்கு சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் சாகிறார்கள்; 5 வயது முதல் 29 வயது வரையானவர்களின் சாவுக்கு முதல் காரணமே அதுதான். நமீபியா அமைதியான நாடு. அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கவிழ்ப்பது ஆளில்லாத சரளைச் சாலையும் அதில் வரும் வேக ஆசையும்.

அதனால் ஒவ்வொரு பாதைக்கும் இதைக் கேளுங்கள்: இருட்டுவதற்குள் அடுத்த தங்குமிடத்தை அடைய முடியுமா? ஒரே ஒரு நாளாவது அது முடியாமல் போகும் பாதை என்றால் அது உங்களுக்கானது இல்லை. வாடகை வண்டியில் எல்லா சீட்டுக்கும் பெல்ட் வேலை செய்ய வேண்டும். ஓட்டுகிறவர் களைப்பாக இருந்தால் பின்சீட்டில் இருப்பவரும் "நிறுத்து" என்று சொல்லலாம், அதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

படி 7: ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத்தில்?

பாதையின் ஒவ்வொரு நாளுக்கும் அருகில் உள்ள பெரிய மருத்துவமனை எத்தனை மணி நேரத்தில் என்று எழுதுங்கள். மொத்தப் பாதையில் வரும் மிகப் பெரிய எண்தான் உங்கள் எண்.

மலைப்பாதையா? 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம், உடற்பயிற்சி செய்தவருக்கும்கூட. 3,000-ஐத் தாண்டினால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். பாமிர் நெடுஞ்சாலையின் அக்பைதால் கணவாய் 4,655 மீட்டர். கிர்கிஸ்தானின் ஓஷ் பக்கமிருந்து போனால் சட்டென்று உயரும். தஜிகிஸ்தானின் கோரோக் பக்கமிருந்து போனால் ஏற்றம் மெதுவாக வரும். எந்தத் திசையில் போகிறோம் என்பதுகூடப் பாதுகாப்பு முடிவுதான்.

திசை தடுப்பூசியிலும் வரும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து தரை எல்லை தாண்டும்போது பல நாடுகள் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

படி 8: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சராசரி போடாதீர்கள்

மூன்று பாதைகள் கையில் இருக்கின்றன என்று வைப்போம். ஜார்ஜியா–ஆர்மீனியா சுற்று: ஓர் எல்லை, சிறு தூரம், நகரங்கள் பக்கம், மலைச்சாலையில் முந்திச்செல்லும் வண்டிகள்தான் கவலை, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் தொடக் கூடாது. நமீபியா–போட்ஸ்வானா: அமைதி, ஆனால் ஊருக்கு ஊர் வெகுதூரம், இரவில் சாலையில் மாடும் யானையும், வடக்கே மலேரியா. பாமிர்: அழகு, உயரம், தஜிகிஸ்தானின் படாக்‌ஷான் பகுதிக்குத் தனி பெர்மிட், உதவி வந்துசேர வெகுநேரம்.

பலர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நல்ல சாலை, நட்பான மக்கள், எளிய விசா எல்லாம் சேர்ந்தாலும் பத்து மணி நேர தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் கொண்டுவராது. ஒவ்வொரு பாதையின் மோசமான ஒரு நாளை மட்டும் எடுங்கள். படி 1-ல் எழுதிய தாள்களை அதன் பக்கத்தில் வையுங்கள். அந்த நாளை உங்கள் குழுவின் மிகப் பலவீனமானவர் தாங்குவாரா? அப்புறம் சீட்டு எழுதிப் போடுங்கள், பெயர் இல்லாமல். ஒரே ஒரு சீட்டில் 'வேண்டாம்' என்று இருந்தாலும் அந்தப் பாதை போச்சு. யார் எழுதினார்கள் என்று தேடக் கூடாது. முதல்முறை என்றால் நான் ஜார்ஜியா–ஆர்மீனியா பக்கம்தான் சாய்வேன்.

படி 9: திரும்பும் விதிகளை வீட்டிலேயே எழுதுங்கள்

ஆயிரம் கிலோமீட்டர் வந்த பிறகு "திரும்பிவிடலாமா" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அதனால் கிளம்பும் முன்பே எழுதுகிறோம். வீட்டில் ஒருவரிடம் பாதையும் தினமும் செய்தி வரும் நேரமும் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதும். சாட்டிலைட் கருவி கொண்டுபோகிறீர்கள் என்றால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். இந்தியா உள்பட சில நாடுகளில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம். உயிர் காக்க எடுத்துப்போனது லாக்கப்பில் உட்காரவைத்துவிடும்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதும், ஒவ்வோர் எல்லைக்கும் முந்தைய நாளும் படி 5-ஐ மறுபடி செய்யுங்கள்.

போன பயணத்தில் எங்கள் வண்டியின் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த தாள் இது:

மாலை 5 மணிக்கு மேல் புதிதாக எங்கும் கிளம்புவதில்லை.
தலைவலியோடு யாரும் மேலே ஏறுவதில்லை. தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் எல்லோரும் கீழே.
எல்லை மூடியிருந்தால் இரண்டு நாள் காத்திருப்போம், மூன்றாம் நாள் வந்த வழியே.
ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் இன்னொருவர் கூடவே தங்குவார், அது யார் என்பது இப்போதே முடிவு.
செக்போஸ்ட்டில் ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் போனைக் கையில் எடுப்பதில்லை.