சின்னப் பிள்ளைகளுடன் தீம் பார்க்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

முதல்முறை தீம் பார்க் போகும் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிக்கிக்கொள்கின்றன. நீண்ட வரிசையில் நின்று முன்னால் போனதும் உயரம் போதாது என்று திரும்பி வருவது, பிள்ளை தூங்கவேண்டிய நேரத்தில் உச்சி வெயிலில் அலைவது, பசி அழுகையாக மாறும்வரை கவனிக்காமல் விடுவது. மூன்றையும் வீட்டிலேயே தீர்த்துவிட்டுக் கிளம்பலாம். குடும்பத்தில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் சாப்பாட்டு நேரம், தூக்க நேரத்தை வைத்து அந்த நாளை அமைக்க வேண்டும். டிக்கெட் காசுக்கு எல்லா ரைடும் ஏறியே ஆகவேண்டும் என்ற கணக்கு வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆறேழு ரைடு என்பதே நிறைந்த நாள்.

1. உயரத்தை அளங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சமமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். சென்டிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் என்ன உயரம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பூங்காவுக்குப் பூங்கா மாறும். ஆனாலும் 90, 105, 120, 140 சென்டிமீட்டரை ஒட்டிய வரம்புகளே அடிக்கடி கண்ணில் படும். தனியாக ஏற ஓர் உயரம், பெரியவர் துணையுடன் ஏற வேறோர் உயரம் என்று இரண்டு எண்கள் இருக்கலாம். குழந்தைகளுக்கான சில ரைடுகளில் இதற்கு மேல் உயரம் கூடாது என்ற வரம்பும் உண்டு. அதைப் பார்க்காமல் போனால், கூட ஏறப்போன அப்பாவை வெளியே நிறுத்திவிடுவார்கள். பிள்ளை தனியாக ஏற மறுக்கும்.

இப்போது மூன்று பட்டியல் போடுங்கள்: பிள்ளை தனியாக ஏறக்கூடியவை, துணையுடன் ஏறக்கூடியவை, இந்த முறை முடியாதவை. மூன்றாவது பட்டியலை முந்தின நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வரிசையின் முனையில் தெரிந்துகொள்ளும் ஏமாற்றத்தைவிட, வீட்டில் வரும் ஏமாற்றம் சீக்கிரம் ஆறும்.

ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஊழியர் விடமாட்டார், விடவும் கூடாது. இருக்கையின் தடுப்புக் கம்பியும் பெல்ட்டும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவை இடுப்பிலும் தோளிலும் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அதைவிடச் சிறிய உடம்பு திருப்பத்தில் நழுவிவிடலாம். ஷூவுக்குள் காகிதம் திணித்து உயரம் காட்டுகிறவர்கள் உண்மையில் அந்தக் கம்பியை ஏமாற்றுகிறார்கள்.

2. வரிசையின் கணக்கு

பள்ளி நடக்கும் வார நாள் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. எந்த நாளானாலும் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்திலும் மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் வரிசை குறைவு. சின்னப் பிள்ளைகளுக்குக் காலைதான் பயன்படும். டிக்கெட்டை முன்பே வாங்கிவிட்டு, திறப்பதற்கு அரை மணி முன்பு வாசலில் இருங்கள். பை சோதனையும் கழிப்பறையும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

உள்ளே போனதும் எந்த ரைடுக்கு முதலில் போவது? வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். அந்த ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றும் என்று பாருங்கள். 16 பேர் உட்காரும் குட்டி விமானச் சுற்று. ஏற்றி, பெல்ட் போட்டு, சுற்றி, இறக்க 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 சுற்று, 192 பேர். உங்களுக்கு முன்னால் 100 பேர் இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு படகு, படகுக்கு 20 பேர் என்று நிற்காமல் ஓடும் படகுச் சவாரியிலோ மணிக்கு 2,400 பேர். அதே 100 பேர் இரண்டரை நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். குழந்தை ரைடுகள் பெரும்பாலும் முதல் வகை: இருக்கை குறைவு, ஏற்ற இறக்க நேரம் அதிகம். ஆகவே அவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். படகு, ரயில், காட்சி அரங்கு போன்றவற்றை நண்பகலுக்கு ஒதுக்குங்கள். வாசலை ஒட்டிய முதல் ரைடில் எல்லோரும் மொய்ப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே போங்கள்.

3. பை

பிள்ளை ஒன்றுக்கு இரண்டு மாற்றுடை, பெரியவருக்கு ஒன்று. பெரியவருக்கானதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிள்ளை வாந்தி எடுப்பது உங்கள் மேல்தான். ஈரத்துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை. டயாப்பர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, மேலும் இரண்டு உபரி. ஈரத் துடைப்பான், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், வழக்கமான மருந்து, பவர் பேங்க். வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்கள் பல. கைக்குழந்தை உணவுக்கும் தண்ணீருக்கும் விதிவிலக்கு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலில் பின்வார் வைத்த செருப்பு அல்லது பழகிய ஷூ. புது ஷூ கொப்புளம் தரும். வார் இல்லாத செருப்பு ரைடில் கழன்று பறக்கும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். வெயிலுக்குப் போக 15 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். காது, பின்கழுத்து, பாதத்தின் மேற்பக்கம் மூன்றும் விட்டுப்போகும் இடங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நிழலும் துணியும் போதும்.

நடக்கப் பழகிய நான்கு வயதுப் பிள்ளைக்கும் தள்ளுவண்டி தேவைப்படும். வீட்டில் நடக்கும் தூரம் வேறு, இங்கே நடக்கும் தூரம் வேறு. தூங்கும் பிள்ளைக்கு வெயில் படக்கூடாது என்று வண்டியைத் துணியால் முழுதும் மூடாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும். நிழலில் நிறுத்துவதே சரி. வண்டியின் கைப்பிடியில் பளிச்சென்ற ரிப்பன் கட்டுங்கள். ரைடு வாசலில் விட்ட வண்டியை ஊழியர்கள் ஒழுங்குபடுத்தி நகர்த்தியிருப்பார்கள். ஒரே மாதிரி ஐம்பது வண்டிகள் நிற்கும்.

4. காணாமல் போனால்

வாசலிலேயே பிள்ளையை முழு உருவமாக ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. உங்கள் தொலைபேசி எண்ணை முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மேலே தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரையும் பிள்ளை தெரிந்தவராக நினைத்துவிடும். உள்ளே போனதும் ஊழியரின் சீருடையையும் பெயர் அட்டையையும் காட்டி, "எங்களைக் காணோம் என்றால் அங்கேயே நில். இந்தச் சட்டை போட்டவரிடம் சொல்" என்று ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லுங்கள். நாலு விதி சொன்னால் ஒன்றும் நிற்காது.

பிள்ளையைக் காணவில்லை என்றால் மௌனமாகத் தேடாதீர்கள். "சிவப்புச் சட்டை, நீல டவுசர், நாலு வயசுப் பையன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். சுற்றியுள்ள எல்லோரும் தேட ஆரம்பிப்பார்கள். அருகில் தண்ணீர் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, மற்றவர் உடனே ஊழியரிடம் போக வேண்டும்.

5. ரைடில் எங்கே உட்காருவது

பலரும் கவனிக்காத பகுதி இதுதான்.

வேகமாகச் சுற்றும் ரைடுகளில் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். ஆகவே பெரியவர் வெளி ஓரத்திலும் பிள்ளை மையத்தை ஒட்டிய உட்புறத்திலும் உட்கார வேண்டும். மாற்றி உட்கார்ந்தால் சுற்று முடியும்வரை உங்கள் எடை முழுதும் பிள்ளைமேல் அழுத்தும். எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஊழியரைக் கேளுங்கள்.

இருவருக்கும் சேர்த்து ஒரே தடுப்புக் கம்பி இருந்தால் அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். கையை விட்டுப் பாருங்கள். பிள்ளை நழுவக்கூடிய இடைவெளி என்றால் ஊழியரைக் கூப்பிட்டு, ஒல்லியான துணையை மாற்றுங்கள் அல்லது இறங்கிவிடுங்கள்.

கப்பல் ஊஞ்சலில் இரு முனைகளிலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. ரோலர் கோஸ்டரின் கடைசிப் பெட்டியில், சரிவில் இழுக்கப்படும் விசை பலமாகத் தெரியும். பயந்த பிள்ளைக்கு நடுப்பெட்டி. குதிரை ராட்டினத்தில் வெளிவரிசைக் குதிரை உள்வரிசையைவிட வேகமாக நகரும். முதலில் உள்வரிசையில் ஏற்றி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இருட்டுக்குள் போகும் ரைடுகள் பலவற்றுக்கு உயர வரம்பே இருக்காது. அதனால் சாது என்று நினைத்துவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளை வேகத்தைவிட இருட்டும் திடீர்ச் சத்தமுமே அதிகம் மிரட்டும். வெளியேறும் வழியில் இரண்டு நிமிடம் நின்று, இறங்கி வரும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். எந்த விமர்சனமும் அவ்வளவு நம்பகமாகச் சொல்லாது.

கிளம்பும் முன் பிள்ளை அழ ஆரம்பித்தால் கையைத் தூக்கி ஊழியரிடம் சொல்லுங்கள், இறக்கிவிடுவார். ஓட ஆரம்பித்த பிறகு எக்காரணம் கொண்டும் பெல்ட்டைத் தளர்த்தாதீர்கள்.

தலைசுற்றலும் வாந்தியும் இரண்டு முதல் பன்னிரண்டு வயதில் அதிகம். உட்காது 'சுற்றுகிறாய்' என்று சொல்ல, கண் வேறொன்றைச் சொல்லும்போது வருவது அது. பெரிய கோப்பைக்குள் உட்கார்ந்து சுற்றும் கோப்பைச் சுற்றில் வெளியே பார்க்காமல், கூடவே சுற்றும் நடுச்சக்கரத்தையோ எதிரில் இருப்பவர் முகத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். இரண்டு சுற்று ரைடுகளை அடுத்தடுத்து ஏறவேண்டாம்.

விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்தில் பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். பத்திரம் என்று நினைத்துச் செய்வது எலும்பு முறிவில் முடிகிறது: பிள்ளையின் ஷூ பக்கவாட்டில் மாட்டிக்கொள்ள, உங்கள் எடை முன்னே தள்ள, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கி உடைகிறது. தனியாகச் சறுக்க முடியாத பிள்ளை இன்னும் சின்ன சறுக்குமரத்துக்குப் போகலாம். வெயிலில் கிடந்த சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

6. பெரியவர்கள் ஏற வேண்டுமா?

பல பூங்காக்களில் மாற்றி ஏறும் வசதி உண்டு: ஒருவர் பிள்ளையுடன் காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும், இவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசையில் சேரும் முன்பே வாசல் ஊழியரிடம் கேட்க வேண்டும். பாதியில் கேட்டால் பலிக்காது.

7. நண்பகல்

எல்லோரும் சாப்பிடும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே சாப்பிட்டுவிடுங்கள். உணவகத்தில் வரிசை இருக்காது. பிறகு மற்றவர்கள் சாப்பிடும்போது ரைடுகள் காலியாக இருக்கும். அதன்பின் குளிரூட்டிய அரங்கு, அல்லது நிழலில் தள்ளுவண்டித் தூக்கம். தூங்காவிட்டாலும் நாற்பது நிமிடம் உட்காரட்டும்.

தண்ணீரை, தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு கொடுங்கள். பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, தலைவலி, குமட்டல் என்றால் உடனே நிழல், தண்ணீர், ஈரத்துணி, விசிறல். பேச்சு குழம்பினாலோ உடம்பு கொதித்து மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பை நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே முதலுதவி மையத்தை அழையுங்கள்.

8. தண்ணீர்ப் பகுதி

நீச்சலுடை செயற்கை இழையாக இருக்கட்டும். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் கனக்கும், பல இடங்களில் அனுமதியும் இல்லை. நிறத்தைக் கவனியுங்கள். நீலமும் வெளிர் நிறங்களும் தண்ணீருக்கடியில் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எடுங்கள்.

மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆகவே கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல். மாற்றிக்கொள்ளும்போது "இனி நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைக்கும் இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. காற்றடைத்த கைப்பட்டைகள் பொம்மைகள். அளவான லைஃப் ஜாக்கெட் மட்டுமே பாதுகாப்பு. அலைக்குளத்தில் முழங்கால் ஆழத்திலும் அலை பிள்ளையைப் புரட்டும்.

நீச்சல் டயாப்பர் சிறுநீரைத் தாங்காது, வயிற்றுப்போக்கையும் நிறுத்தாது. மணிக்கு ஒருமுறை, குளத்திலிருந்து தள்ளிப்போய்ப் பாருங்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்கவே கூடாது. வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் கலந்த தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். உதடு நீலமானால் வெளியே எடுத்துத் துவட்டி, உலர்ந்த உடை போடுங்கள்.

9. கிளம்புவது

மூடும் நேரக் கூட்டத்துக்கு முன்பே நகருங்கள். "இன்னும் பத்து நிமிடம்" என்றால் பிள்ளைக்குப் புரியாது. "இன்னும் இரண்டு ரைடு, பிறகு வண்டி" என்றால் புரியும். வெளியே போகும் வழி பெரும்பாலும் பொம்மைக் கடை வழியாகவே இருக்கும். வாங்குவதா இல்லையா, வாங்கினால் எத்தனை என்பதைக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே நின்று பேரம் பேசினால் நீங்கள்தான் தோற்பீர்கள். வண்டி நிறுத்திய வரிசை எண்ணைக் காலையில் படம் எடுத்து வைத்திருங்கள். ஒரு செட் உலர்ந்த உடையையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் பையில் போடாமல் வண்டியிலேயே விட்டு வையுங்கள். இருக்கை பெல்ட் போட்ட ஐந்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிவிடும், அதற்குள் உடை மாற்றிக் கொஞ்சம் சாப்பிடக் கொடுத்துவிட வேண்டும்.