திறந்த டர்னை ‘இருக்கட்டும்’ என்று விடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு மொட்டை மாடி. ஹோல்டம் கற்று ஒரு மாதம்கூட ஆகாத நான்கு பையன்கள் ஆடுவதைத் தட்டுவடை செட்டைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். (ஹோல்டம் ஒரு போக்கர் ஆட்டம்: ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, இடையிடையே பந்தயம். பொதுவில் முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றையும் திறக்குமுன் மேல் சீட்டைக் கவிழ்த்தபடி ஒதுக்குவது பர்ன்.) ஒரு காலத்தில் நான் செய்த அதே கோளாறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். கட்டைச் சரியாகக் கலைக்கவில்லை, வெட்டக் கொடுக்கவில்லை என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

ரம்மிப் பழக்கம்

எங்கள் செட்டில் எல்லோரும் ரம்மியிலிருந்து வந்தவர்கள். வீட்டு ரம்மியில் போடும்போது ஒரு சீட்டு புரண்டால் அதைக் கட்டுக்குள் செருகிவிட்டு, அவருக்கு அடுத்த சீட்டைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஹோல்டத்தில் அப்படிச் செய்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களின் சீட்டெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். டீலர் கையால் புரண்டது அந்த ஆட்டத்தில் போட்ட முதல் சீட்டாகவோ இரண்டாவதாகவோ இருந்தால் மிஸ்டீல். எல்லாவற்றையும் வாங்கிக் கலைத்து மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று புரண்டால் ஆட்டம் நிற்காது. எல்லோருக்கும் போட்டு முடித்தபின் கட்டின் மேல் சீட்டை அவருக்குக் கொடுங்கள், புரண்ட சீட்டை ஃப்ளாப்புக்கு முந்தைய பர்ன் சீட்டாக வையுங்கள். ஏஸ் புரண்டிருந்தால் ‘பரவாயில்லை, நானே வச்சுக்கிறேன்’ என்று பெருந்தன்மையாகச் சொல்வார். கொடுக்காதீர்கள். இரண்டு புரண்டால் மிஸ்டீல்தான்.

தானே காட்டிய சீட்டு

காட்டியவருக்கே. மாற்றித் தருவதில்லை.

அவசரமாகத் திறந்த டர்ன்

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீடு, டிசம்பர் இரவு, ஜன்னல் வரைக்கும் பனிமூட்டம். காசெல்லாம் கிடையாது, புளியங்கொட்டைதான். ஆனால் முதலில் கொட்டை தீர்ந்தவர் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரத்தையும் அந்தக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். டீலர் நான். ஃப்ளாப்பில் இரண்டு ஆர்ட்டின், ஒரு எட்டு. என் கையிலும் இரண்டு எட்டு. தோட்டக்காரர் நாற்பது கொட்டை வைத்தார். அடுத்து என் சகலை, கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார், சத்தமே இல்லை. ஃபோல்ட், அதாவது ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று நானே முடிவுகட்டி, கால் சொல்லி நானும் நாற்பது வைத்து, ஒரு சீட்டை பர்ன் செய்து டர்னைத் திறந்தேன். ஆர்ட்டின் ஒன்பது. கம்பளி விலகியது.

‘நான் இன்னும் எதுவும் சொல்லலையே சகல!’

‘சரி, திறந்தது இருக்கட்டும், நீங்க சொல்லுங்க’ என்றேன். அடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுக் கால் சொல்லும் யோகம் யாருக்கு வாய்க்கும்? அவருக்கு ஃப்ளஷ், ஐந்தும் ஆர்ட்டின், என் மூன்று எட்டைவிடப் பெரியது. என் கொட்டை அந்த ஆட்டத்தோடு தீர்ந்தது, பாத்திரம் நான்தான் கழுவினேன். அதுகூடப் பரவாயில்லை, தோட்டக்காரர் அதன்பிறகு எங்களை ஆட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: திறந்த ஒன்பதை ஓரமாக வைத்துவிட்டு, சகலை உட்பட எல்லோரும் பந்தயத்தை முடிக்க வேண்டும். பிறகு ஒரு சீட்டை பர்ன் செய்து, ரிவராக வந்திருக்க வேண்டியதை டர்னாகத் திறக்க வேண்டும். அந்தச் சுற்று முடிந்ததும் ஒன்பதை மீதிக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, வெட்டி, பர்ன் செய்யாமல் ரிவரைத் திறக்க வேண்டும். பர்ன் செய்தவையும் ஃபோல்ட் ஆனவையும் இந்தக் கலைப்பில் சேரக் கூடாது. ஒன்பது ரிவரில் வர இன்னும் வாய்ப்பு உண்டு, ஆனால் யாரும் அதை நம்பிக் கொட்டை வைக்க முடியாது.

ஃப்ளாப் முந்திக்கொண்டால் மூன்றையும் மீதிக் கட்டில் கலைத்து மறுபடி திறந்து வையுங்கள். பர்ன் சீட்டு கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், இன்னொன்று வேண்டாம். ரிவருக்கும் இதே கதைதான்.

மாடியில் ஒரு பையன் இதையே செய்தபோது, மற்ற மூவரும் ‘விடு மச்சான், சும்மா ஆட்டம்தானே’ என்றார்கள். அதில் ஒருவன் கொஞ்சம் அதிகமாகவே சொன்னான். அவன் சீட்டை அப்புறம் பார்த்தேன், ஸ்ட்ரெய்ட், வரிசையாக ஐந்து சீட்டு.

ஃப்ளாப்பில் நான்கு சீட்டு

எது கூடுதல் என்று சண்டை போடாதீர்கள். நான்கையும் கவிழ்த்துக் கலைத்து, ஆட்டத்தில் இல்லாத ஒருவரை ஒன்றை உருவச் சொல்லுங்கள். உருவியது அடுத்த பர்ன், மீதி மூன்றும் ஃப்ளாப். போட்டிகளிலும் இப்படித்தான்.

கட்டுக்குள் நிமிர்ந்து கிடந்த சீட்டு

வெறும் காகிதம். அடுத்ததைப் போடுங்கள்.