மத்திய காலத்துக் கர்தினால் பட்டியலை வாசிப்பது எப்படி?

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துப் பங்குகளில் திருச்சபை வரலாற்று வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவர்கள் பலர் "இந்தத் திருத்தந்தை எத்தனை கர்தினால்களை நியமித்தார்?" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கர்தினால்கள்தான் அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பவர்கள். அதனால் எண்ணிக்கை கிடக்கட்டும், யாரை நியமித்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பெயரோடு ஒட்டியிருக்கும் ஆலயத்தை அல்லது மறைமாவட்டத்தைப் பாருங்கள். ஓஸ்தியா, அல்பானோ போல ரோமையைச் சுற்றியுள்ள மறைமாவட்டம் என்றால் கர்தினால் ஆயர். மற்றவர்கள் ரோமை ஆலயங்களின் பெயரில் கர்தினால் குரு அல்லது கர்தினால் திருத்தொண்டர். பதவி உயர்ந்தால் ஆலயமும் மாறும், அதனால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள். 1198-இல் மூன்றாம் இன்னொசென்ட் திருத்தொண்டராக்கிய உகொலினோதான் 1206-இல் ஓஸ்தியா ஆயர், அவரேதான் 1227-இல் ஒன்பதாம் கிரகோரி.

அப்புறம் தேதி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆண்டுக்கு நான்கு முறை வரும் ஒருசந்தி (நோன்பு) வாரங்களில்தான் நியமனம் நடக்கும். ஐந்தாம் செலஸ்தீன் 12 பேரை நியமித்த 1294 செப்டம்பர் 18 அப்படி ஒரு சனிக்கிழமை.

இனி முக்கியமானது: ஊரும் உறவும். 1305 டிசம்பர் 15 பட்டியலை எடுங்கள். இன்றைய பிரான்சிலுள்ள போர்தோவின் பேராயராக இருந்து திருத்தந்தையான ஐந்தாம் கிளமென்ட், அதே பிரான்சிலுள்ள லியோனில் 10 பேரை நியமிக்கிறார். 9 பேர் பிரெஞ்சுக்காரர்கள், அதில் சொந்த உறவினர்களும் உண்டு, மிச்சம் ஒருவர் தாமஸ் ஜோர்ஸ் என்ற ஆங்கிலேயத் தொமினிக்கன் துறவி. 1179 முதல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், இந்த ஒரே நியமனம் அடுத்த தேர்தலை எந்தப் பக்கம் சாய்த்தது என்று பிள்ளைகளுக்கே புரியும். கிளமென்டுக்குப் பின், ரோமைக்குப் பதிலாக இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் இருந்த ஆறு திருத்தந்தையரும் பிரெஞ்சுக்காரர்களே. அவர்களில் 22-ஆம் யோவான்தான் 1329-இல் நம் பக்கத்துக் கொல்லத்துக்கு ஜோர்தான் என்ற தொமினிக்கன் துறவியை ஆயராக்கியவர், ஆகையால் இதை எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது.

மாறுவேடப் போட்டிக்குத் தயார்செய்கிறவர்களும் கவனியுங்கள்: கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை நான்காம் இன்னொசென்ட் கொடுத்தது 1245-இல், லியோனில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில். அதற்கு முந்தைய கர்தினாலாக வருகிற பிள்ளைக்கு அதை வைக்காதீர்கள்.