மாடி டேங்க் தண்ணியும் 125 ஸ்பீடு ரோலும்: மதுரையில வீட்லயே பிலிம் கழுவுறது

கறுப்பு வெள்ளை பிலிமோட வர்ற பேப்பர்ல, மருந்துல எவ்வளவு நேரம் கழுவணும்னு "20 டிகிரியில 11 நிமிஷம்"னு போட்டிருப்பான். அத நம்பி சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு பாத்ரூம் குழாயத் தொறந்தா வர்ற தண்ணியில மூஞ்சி கூட கழுவ முடியாது, அம்புட்டு சூடு. நான் முதல் ரோல் கழுவுனது அந்தத் தண்ணியிலதான், தெர்மாமீட்டர்னு ஒண்ணு வேணும்னே தோணல, 11 நிமிஷத்த மட்டும் செகண்டு பிசகாம எண்ணுனேன், வெளிய எடுத்தா நெகட்டிவ் அடுப்புக்கரி. பிலிம் மேல ஒரு குத்தமும் இல்ல. 20 டிகிரிங்கிறது குளிர் ஊர்க்காரன் கணக்கு, நம்ம ஊருக்கு வேற கணக்கு போடணும், அந்தக் கணக்கத்தான் இங்க எழுதுறேன். டிஜிட்டல் இருக்கப்ப ஏன்டா இதுன்னு கேக்குற ஆளுக இத்தோட நிறுத்திக்கலாம்.

முதல்ல பிலிம். ஸ்பீடுங்கிறது பிலிம் வெளிச்சத்த எம்புட்டு வேகமா வாங்கிக்கும்ங்கிற எண்ணு, எண்ணு கூடுனா கம்மி வெளிச்சமே போதும். மீடியம் ஸ்பீடுன்னா 100, 125 ஏஎஸ்ஏ, இப்ப ஐஎஸ்ஓன்னு சொல்றாங்க, எண்ணு அதேதான். நெறைய பேரு 400 வாங்கிர்றாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு. ஆனா உங்க கையில இருக்குறது மாமா பரண்ல கெடந்த யாஷிகா, ஜெனிட் மாதிரி பழைய கேமராவா இருக்கும், அதுல ஷட்டர் அதிகபட்சம் 1/500 செகண்டுதான். நம்ம வெயில்ல 400 பிலிம் போட்டா எஃப் 16 (எஃப் எண்ணு ஏற ஏற லென்ஸ் ஓட்டை சின்னது), 1/500ன்னு முட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு மேல போக வழியே இல்ல, பின்னாடி இருக்குற சுவரொட்டி, ஆட்டோ, கரண்டு கம்பி எல்லாம் ஷார்ப்பா வந்து நிக்கும். 125 போட்டா அதே வெயில்ல 1/500க்கு எஃப் 8 வச்சாப் போதும், மஞ்ச பில்டர் மாட்டுனா ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம், குடுத்து எஃப் 5.6. யானைமலைக்குப் பின்னாடி மேகம் வேணும்னா பில்டர் இல்லாம முடியாது, வானம் வெறும் வெள்ளையாத்தான் விழும்.

ஜல்லிக்கட்டுக்கு 400 வேணும்லன்னு கேப்பீங்க. 1/1000 இருக்குற கேமராவா இருந்தா 125ல எஃப் 5.6, வெயில் ஏறுன பின்னாடி தாராளம். காலையில முதல் ரவுண்டு மாடு வர்றப்ப மட்டும் கஷ்டம், தை மாசத்து பனி வேற.

என்ன பிராண்டுன்னா, முதல் ரோலுக்கு இல்ஃபோர்டு எஃப்பி4 ப்ளஸ், 125 ஸ்பீடு. காரணம் ஒண்ணுதான், பொறுமையான பிலிம், ஒரு ஸ்டாப் கூடக் கொறைய போனாலும் மன்னிச்சுரும். அதே கம்பெனியோட டெல்டா 100, கோடாக் டிமேக்ஸ் 100 ரெண்டும் கிரெய்ன் (படத்துல தெரியிற வெள்ளிப் பொடி) இன்னும் சின்னது, ரொம்ப அழகு, ஆனா டிமேக்ஸ் பிலிம், டெவலப்பர்ல (படத்த வெளிய கொண்டார மருந்து) நேரமோ சூடோ கொஞ்சம் மாறுனாலும் காட்டிக் குடுத்துரும், நம்ம ஊரு தண்ணிக்கு அது பிற்பாடு. கெண்ட்மியர் 100ஐ இல்ஃபோர்டு பிலிம் செய்ற ஹார்மன்தான் செய்றாங்க, வெல கம்மி, பழகுறதுக்கு நல்லது. செக் நாட்டு ஃபோமாபேன் 100 பழைய காலத்து படம் மாதிரி வரும், டப்பாவுல 100ன்னு இருந்தாலும் நான் 64ன்னு வெளிச்சம் அளக்குற மீட்டர்ல வச்சுத்தான் எடுப்பேன், இல்லன்னா நிழல்ல ஒண்ணுமே நிக்காது. கழுவ ஆரம்பிச்சதும் பச்சைத் தண்ணி கொட்டும், பயந்துராதீங்க, அது பிலிம் பின்னாடி இருக்குற சாயம்.

நம்ம ஊட்டியிலயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்துச்சு, 'இந்து'ன்னு பேரு போட்ட ரோல். இன்னும் பழைய ஸ்டூடியோ அலமாரியில ஒண்ணு ரெண்டு கெடைக்கும், ஆசையா இருக்கும், வாங்கி வச்சுக்கங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு மட்டும் அதுல எடுக்காதீங்க.

வாங்குன ரோல ஃபிரிட்ஜ்ல வைங்க. எடுத்த ஒடனே டப்பாவ ஒடைக்கக் கூடாது, ஒரு ரெண்டு மணி நேரம் வெளிய கெடக்கணும், இல்லன்னா பிலிம் மேல வேர்த்துரும். வண்டி டேங்க் கவர்ல ரோல வச்சுட்டு அழகர்கோவில் வரைக்கும் வெயில்ல போறதுங்கிறது அத வெந்நியில போடுற மாதிரிதான்.

எடுக்குறப்ப ஒரு விஷயம். நம்ம வெளிச்சம் பதினோரு மணிக்கு மேல ஈவு இரக்கம் இல்லாதது. திருமலை நாயக்கர் மகால் முற்றத்துல நின்னு பாருங்க, வெயில் பட்ட தூணு கண்ணு கூசும், அதுக்குப் பின்னாடி நடை இருட்டு. டீக்கடை பெஞ்சுல வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு கருத்த பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தா மீட்டர் வேட்டியப் பாத்து ஏமாந்துரும், மொகம் கருப்பு மொத்தையா போயிரும். அதனால மீட்டர்ல 125க்குப் பதிலா 64 வைங்க, அதாவது ஒரு ஸ்டாப் அதிகம் குடுங்க, அப்பறம் கழுவுறப்ப நேரத்துல 15 சதவீதம் கொறைங்க. நிழல நிக்க வைக்கிறது எடுக்குறப்ப குடுக்குற வெளிச்சம், அதான் எக்ஸ்போஷர், வெள்ளையப் புடிச்சு இழுக்குறது டெவலப்பர். மேகமூட்டமான நாள்ல இதெல்லாம் வேணாம், 125லயே எடுத்து முழு நேரம் கழுவுங்க. ஒரு ரோலுக்குள்ள ரெண்டையும் கலந்தா கழுவுறப்ப முழிக்க வேண்டியதுதான்.

இப்ப பிலிம ரீல்ல சுத்தி டேங்க்ல ஏத்துறது. மாடி டேங்க் இல்ல, வெளிச்சம் புகாத மூடி போட்ட கழுவுற டப்பா. இதுக்கு சேஞ்சிங் பேக் (கைய விட்டு வேலை செய்ற வெளிச்சம் புகாத பை) வாங்குங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, மதுரையில அதுக்குள்ள கைய விட்டா அஞ்சு நிமிஷத்துல கை வேர்த்து, பிலிம் பிளாஸ்டிக் ரீல்ல ஒட்டிக்கிட்டு பாதியில நின்னுரும், இழுத்தா கிழியும், இழுக்கலைன்னா உள்ள போகாது, வெளிய எடுக்கவும் முடியாது. நான் ராத்திரி பத்து மணிக்கு மேல உள் ரூம்ல ஏத்துறேன். கதவு இடுக்குல போர்வை, லைட்ட அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் கண்ணத் தொறந்து வச்சு நில்லுங்க, எங்கயாச்சும் கோடு மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அடைங்க. தெருவே கரண்டு கட் ஆகிக் கெடந்தா அது நமக்கு திருவிழா, என்ன, ஃபேனும் ஓடாது. ரீல் காஞ்சிருக்கணும், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சிக்கும். வீணாப்போன ஒரு ரோல வச்சு வெளிச்சத்துல இருபது தடவை பழகிட்டு அப்பறம் இருட்டுக்குப் போங்க.

டெவலப்பருக்கு டி-76, இல்ல அதோட கூடப் பொறந்தது மாதிரி இருக்குற ஐடி-11. பாக்கெட் கெடைக்கலைன்னா நீங்களே கலக்கலாம், 1927ல கோடாக் கொண்டாந்த கணக்கு: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், தண்ணி சேத்து மொத்தம் 1 லிட்டர். போராக்ஸ்ங்கிறது நம்ம வெண்காரம்தான். 50 டிகிரி வாக்குல இருக்குற முக்கால் லிட்டர் தண்ணியில ஒரு சிட்டிகை சல்பைட்ட போட்டுட்டு மெட்டால கரைங்க, மெட்டால் கரைஞ்ச பின்னாடிதான் மிச்ச சல்பைட், முழுசையும் முதல்லயே கொட்டுனா மெட்டால் கரையாது. கை உறை போடுங்க, மெட்டால் சில பேருக்கு அரிப்பு எடுக்கும். லேப் கெமிக்கல் கடையில கேக்குறப்ப சல்பைட்னு எழுதிக் குடுங்க. நான் வாயால கேட்டு ஒரு கடையில சல்பேட்ட கட்டிக் குடுத்துட்டாங்க, லேபிளப் பாக்காம வாங்கியாந்தது என் தப்பு, ரெண்டு ரோல் போச்சு. கலக்குனத பாட்டில்ல விளிம்பு வரைக்கும் ரொப்பி வைங்க, கொறைஞ்சா கோலிக்குண்டு போட்டு மட்டத்த ஏத்துங்க, காத்து பட்டா கெட்டுரும். டீ கலர் வந்துருச்சுன்னா யோசிக்காம கொட்டிருங்க.

எந்தத் தண்ணின்னு கேட்டா கேன் தண்ணி. போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, டெவலப்பர் கலங்கும்.

சூட்டுக்கு வருவோம். 20 டிகிரிய துரத்தாதீங்க, ஐஸ் போட்டு 20க்கு கொண்டாந்தாலும் பத்து நிமிஷத்துல 23 ஆயிரும், ரோலுக்கு ரோல் வேற மாதிரி வரும். நான் 24ல நிக்கிறேன். மானாமதுரை மண்பானையில ராத்திரியே தண்ணி ஊத்தி வச்சா காத்தோட்டமா இருந்தா காலையில கணிசமா எறங்கியிருக்கும், மிச்சத்துக்கு ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் பையில கட்டி பக்கெட்டுக்குள்ள போடுங்க, டெவலப்பருக்குள்ள இல்ல. அந்த பக்கெட் தண்ணியிலதான் டெவலப்பர், ஹைப்போ (படத்த நெலையா நிறுத்துற மருந்து), கழுவுற தண்ணி எல்லா பாட்டிலும் அரை மணி நேரம் உக்காரணும். டெவலப்பர் 24லயும் கழுவுற தண்ணி 34லயும் இருந்தா மேல இருக்குற ஜெலட்டின் சுருங்கி விரிஞ்சு, வண்டல் காஞ்ச கம்மாய் மாதிரி வெடிப்பு விழும்.

எஃப்பி4 ப்ளஸுக்கு டி-76 ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்தா 20 டிகிரியில 11 நிமிஷம், 24ல அது சுமார் ஏழரை. நேரா கலக்காம ஊத்துனா 20லயே எட்டரை நிமிஷம்தான், 24ல ஆறு ஆயிரும், வெயில் ரோலுக்கு அதுலயும் கொறைச்சா அஞ்சு, அஞ்சுக்குக் கீழ போனா டெவலப்பர் ஊத்துறதுக்குள்ளயே ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துரும். அதனால கலந்துதான் ஊத்தணும். கத்திரி வெயில் சமயம் 26க்குக் கீழ எறங்கவே மாட்டேங்குதுன்னா ஒண்ணுக்கு மூணு கலங்க, அது 20ல 20 நிமிஷம், 26ல 12 கிட்ட வரும். ஆனா ஒரு ரோல் டேங்க் 290 மில்லிதான் புடிக்கும், அதுல ஒண்ணுக்கு மூணுன்னா மருந்து 72 மில்லிதான், பத்தாது, ரெண்டு ரீல் டேங்க்ல ஒரு ரோல மட்டும் போட்டு நெறைய ஊத்துங்க.

ஊத்துனதும் முதல் 10 செகண்டுல நாலு தடவ டேங்க்க தலைகீழாக் கவுத்து எடுங்க, தரையில ஒரு தட்டு தட்டுங்க, குமிழி ஏறிரும். அப்பறம் ஒவ்வொரு நிமிஷமும் அதே நாலு. காபி ஆத்துற மாதிரி வேகமா வேணாம். நேரம் முடிய 15 செகண்டு இருக்கப்பவே கொட்ட ஆரம்பிங்க.

அடுத்து நல்ல தண்ணி ரெண்டு தடவ, அப்பறம் ஹைப்போ. ஹைப்போ கல்லு கரைக்கிறப்ப தண்ணி தன்னால ஜில்லுன்னு ஆகும், நம்ம ஊருல ஓசியில கெடைக்கிற ஒரே ஏசி. எவ்வளவு நேரம்னு பேப்பர்ல தேடாதீங்க, ரோல் மொனையில வெட்டுன துண்ட ஹைப்போவுல போட்டு அது தெளியிற நேரத்த எண்ணுங்க, அதுல ரெண்டு மடங்கு. டெல்டா, டிமேக்ஸுக்கு மூணு மடங்கு, கொறைச்சா நெகட்டிவ்ல ரோஸ் கலர் நிக்கும்.

அலசுறதுக்கு குழாயத் தொறந்து விடுற வேலையெல்லாம் வேணாம், லாரித் தண்ணி வாங்குற வீட்ல அடி விழும். டேங்க்க ரொப்பி அஞ்சு தடவ கவுத்துக் கொட்டுங்க, திரும்ப ரொப்பி பத்து, திரும்ப ரொப்பி இருபது. இல்ஃபோர்டே சொல்ற மொறைதான், ஹார்டனர் (ஜெலட்டின இறுக்குற மருந்து) போடாத ஹைப்போவா இருக்கணும், அம்புட்டுதான்.

கடைசி அலசல் மட்டும் கண்டிப்பா கேன் தண்ணி, தண்ணி சொட்டா நிக்காம வழிய வைக்கிற வெட்டிங் ஏஜென்ட் ரெண்டு சொட்டு. நான் ஒரு தடவ சோம்பேறித்தனமா போர் தண்ணியில முடிச்சேன், யானைமலை வானம் முழுக்க அம்மை போட்ட மாதிரி வெள்ளை வட்டம். ஸ்கேனர்ல தானா தூசி எடுக்குற வசதி கலர் பிலிமுக்குத்தான், வெள்ளி இருக்குற கறுப்பு வெள்ளை நெகட்டிவ்ல அது வேலை செய்யாது, ஒவ்வொரு புள்ளியா உக்காந்து தொடைக்கணும். காயப் போடுறது பாத்ரூம்ல, தரையில தண்ணி தெளிச்சு தூசிய அமத்திட்டு, கீழ ஒரு துணி கிளிப், ஃபேன் கூடாது. மூணு மணி நேரத்துக்கு யாரும் குளிக்கப் போகக் கூடாதுன்னு வீட்ல முன்கூட்டியே சொல்லிருங்க. காஞ்சதும் ஆறு ஆறு பிரேமா வெட்டி கவர்ல போட்டு, டப்பாவுக்குள்ள ஒரு சிலிக்கா பாக்கெட்டும் வைங்க, ஐப்பசி மழையில பூஞ்சை பிடிக்கும்.